ஒன்பது வயது வாக்குமூலம்

"இன்னொரு தடவை சொல்லு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றாள் அந்தத் தாய்.

நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். குழந்தைகள் நல அதிகாரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"என் முன்னாடியே பிள்ளையை மிரட்டுறீங்களா? வாயை மூடிட்டு உட்காருங்க!"

அதிகாரி போன வாரம்தான் இந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்திருந்தாள். பழைய கோப்புகள் அலமாரியில் கட்டு அவிழ்க்காமலே கிடந்தன. அதனாலென்ன, பக்கத்து வீட்டுக்காரரின் புகாரே போதும்: 'தத்தெடுத்த பிள்ளையைப் பாடாய்ப் படுத்துகிறாள். குளிக்கிற நேரமானால் வாளி உருளுகிறது, சுவர் அதிருகிறது.'

அரைமணி நேரமாக எத்தனை கேட்டும் சிறுமி கல்லாய்ச் சமைந்திருந்தாள். அதிகாரி மேசையைத் தட்டித் தாயை வறுத்தெடுத்த பிறகுதான், "இவங்களை எனக்குப் பிடிக்கல" என்று சிறுமி முனகினாள். அதைத்தான் இந்தப் பொம்பளை திரும்பச் சொல்லச் சொல்கிறாள்!

"நீ பயப்படாம சொல்லும்மா. என்ன பண்றாங்க?"

"தலையில தண்ணி ஊத்துறாங்க. மூச்சு முட்டுது. முன்ன இருந்த வீட்டுல தொட்டிக்குள்ள முக்குவாங்களே, அதே மாதிரி."

தாயின் முகம் வெளிறியது. கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"அப்புறம்?"

"லைட்டை அணைச்சுட்டுப் போயிடுறாங்க. கதவையும் சாத்திடுறாங்க."

தாய் அதையும் எழுதிக்கொண்டாள். அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன எழுதுறே? வக்கீல்கிட்ட காட்டவா?"

"மறந்துடக் கூடாதுல்ல மேடம்."

"என்ன நெஞ்சழுத்தம்! பெத்திருந்தாத்தானே வலிக்கும்."

தாய் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சிறுமிக்கோ இப்போது குரல் ஏறிவிட்டது.

"முட்டை எனக்குப் பிடிக்காது. தினமும் அதையே வைக்கிறாங்க. இவங்க பாட்டுப் பாடினா காது வலிக்குது!"

தாயின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பேதான். அதிகாரி இழுப்பறையை வெடுக்கென்று இழுத்து ஒரு படிவத்தை அவள் முன்னால் விட்டெறிந்தாள்.

"சிரிப்பு வேறயா? இதுல ஒரு கையெழுத்துப் போடு. பிள்ளை இன்னைக்கே காப்பகத்துக்குப் போகட்டும்."

சிறுமி துள்ளி எழுந்தாள். "நான் போகமாட்டேன்! இவங்களைத்தானே திட்டணும்? என்னை எதுக்கு அனுப்புறீங்க?"

அதிகாரி திகைத்துப்போனாள். இத்தனை வருஷ வேலையில் இப்படியொரு வாக்குமூலத்தை அவள் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், தாயின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து நோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கையெழுத்து இருக்கட்டும் மேடம். அவளை இன்னும் கொஞ்ச நேரம் என்னைத் திட்டச் சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"என் வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்... இவ குரலை இன்னைக்குத்தான் கேக்குறேன்."