மரியாதை

எந்த இங்கிலீஷ்காரன் விட்டுப்போன வார்த்தையோ, 'லூசு' இல்லாமல் ஜெசிந்தாவுக்கு வாயே திறக்காது. "லூசு, சாப்டியா?" "லூசு, காய்ச்சலோட தலைக்கு ஊத்தாதடி." விடுதியில் பக்கத்துக் கட்டில்காரியான உமையாளுக்குத் தன் சொந்தப் பெயரே மறந்துபோயிருந்தது. வார்டன் அதட்டிய அதட்டலில், ஜெசிந்தா ஒளித்து வைத்திருந்த செல்போனைப் பற்றி உமையாள் உளறிக் கொட்டிய அன்றுதான் அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. "உமையாள், கொஞ்சம் நகர்றீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

அந்த 'ங்க'வைக் கேட்டதும் உமையாள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். திட்டினால் அழுதாவது தீர்க்கலாம், மரியாதையை என்ன செய்வது? ஒரு வாரம் "பரவால்லைங்க", "நன்றிங்க" என்றே போயிற்று. இனி காலம் பூராவும் இப்படித்தானோ என்ற பயத்தில் தூக்கம் கெட்டவள், ஒரு காலையில் சுடிதாரைப் புறம் மாற்றி மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாள். கூடமே சிரித்தது. ஜெசிந்தா மட்டும் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து, தன் ஷாலை அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

"தையலெல்லாம் வெளிய தெரியுது. போய் மாத்து, லூசு."

உமையாள் நகரவில்லை. "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"காதும் போச்சா, லூசு?"

உமையாள் காது கேட்காதவள் போலவே நின்றுகொண்டிருந்தாள்.