சனிக்கிழமை இல்லாத வாரம்

சனிக்கிழமையும் அதுவுமாக அவள் கோழிக்குழம்பு வைத்தாள்.

அந்த வீட்டில் சனிக்கிழமை கவுச்சி ஆகாது. பெருமாளுக்கு மாமனார் நேர்ந்துகொண்டது. அவள் வாழ வந்த நாளிலிருந்து ஒரு வாரம் தப்பியதில்லை. கறிக்கடைக்காரர்கூட, "என்னக்கா, கிழமை மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடை போட்டார்.

அவளுக்கு மறக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். திங்கள் கோதுமை தோசை, செவ்வாய் உப்புமா, புதன் சப்பாத்தி, வியாழன் இட்லி, வெள்ளி தக்காளி சாதம், சனி முருங்கைக்கீரை அடை, ஞாயிறு தோசையும் கோழிக்குழம்பும். தையல் கம்பெனியில் நாள் முழுக்க மிஷினை மிதித்துவிட்டு வந்து, இன்றைக்கு என்ன செய்வது என்று யோசிக்கவும் தெம்பில்லாமல் போட்ட திட்டம். மகள் இலக்கியா அதை நோட்டுத்தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் மாமாதான்.

மாமாவுக்கு இரண்டு வருடமாக நினைவு நழுவிக்கொண்டே வருகிறது. முதலில் தேதி போயிற்று, பிறகு மாதம் போயிற்று. கிழமையை மட்டும் தட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

"உப்புமாவா? அப்ப செவ்வா."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. பரீட்சையில் பாஸான பிள்ளையின் சிரிப்பு.

அடை என்றால் சனி. சனி என்றால் சுருளி வருவான்.

சுருளி அவருடைய மகன். அவளுடைய புருஷன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வாராவாரம் ஏழு மணி பஸ்ஸில் சின்னமனூரில் வந்து இறங்குவான்.

ஒன்பது வாரமாக வரவில்லை.

இனிமேலும் வரமாட்டான். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தாயிற்று. போனில் அவனே சொன்னான், முகவரி மாறியதைச் சொல்கிற மாதிரி.

இலக்கியாவிடம், அப்பாவுக்கு வேலை அதிகம் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். பதினொரு வயசுக்கு அது போதும் என்று நினைத்தாள்.

மாமாவிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். இலக்கியா டியூஷன் போயிருந்த நேரத்தில், ஒரே ஒரு தடவை. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விடிந்ததும் மறந்துபோனார். அடுத்த சனிக்கிழமை, அடை வாசம் வந்ததும், சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதே இடியை இன்னொரு தடவை அந்தத் தலையில் இறக்க அவளுக்கு மனசு வரவில்லை. லீவு கிடைக்கலையாம் மாமா என்றாள். பஸ் லேட்டாம் மாமா என்றாள். அவர் பத்து மணி வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் பஸ் சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். படி தவறி விழுந்து, நெற்றியில் மூன்று தையல்.

நேற்று தையல் பிரித்துக் கூட்டிவரும்போதே முடிவு பண்ணிவிட்டாள். இந்த வீட்டுக்குச் சனிக்கிழமையே வேண்டாம். வெள்ளி முடிந்தால் நேராக ஞாயிறு.

"தாத்தா கேட்டா இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு சொல்லணும்," என்று இலக்கியாவிடம் சொன்னாள்.

"ஏம்மா?"

"சொன்னாச் சொல்லு."

இலக்கியா ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறே முக்காலுக்கே தட்டு வைத்தாள். மாமா வந்து உட்கார்ந்து மோந்து பார்த்தார்.

"கோழியா?"

"ஆமா மாமா."

"அப்ப ஞாயிறு."

அப்பாடா என்றிருந்தது. பெருமாளே, பொறுத்துக்கோ என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

ஏழு மணி பஸ் முக்கில் திரும்பி ஹாரன் அடித்தது. மாமா காதிலேயே வாங்கவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். வயசானவரை இப்படி ஏய்க்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்றும் இருந்தது.

இரண்டாவது தோசையில் அவர் கை நின்றது.

"நேத்து சுருளி வந்துட்டுப் போயிட்டானா?"

அவள் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றாள்.

இன்று ஞாயிறு என்றால் நேற்று சனி. திட்டம் போட்டபோது இது அவளுக்கு எட்டவே இல்லை.

"எனக்கு நெனப்பே இல்லையே தாயி." அவர் கண் நிறைந்துவிட்டது. "பெத்த பிள்ள வந்துட்டுப் போனதுமா மறந்துபோகும்? இப்படி ஒரு மண்டைய வச்சிக்கிட்டு நான் எதுக்கு உசுரோட இருக்கேன்?"

வரவில்லை என்று சொன்னால் இப்போதே எழுந்து வாசலுக்குப் போவார். வந்தார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கல்லில் தோசை கருகியது.

"வந்தாரு தாத்தா."

இலக்கியா, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க தூங்கிட்டீங்க. எழுப்ப வேணாம்னுட்டாரு."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டானா?"

"நாலு அடை."

"நாலா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சொன்னான்?"

"நான் எத்தனாவது ரேங்க்குன்னு கேட்டாரு. சைக்கிள் வாங்கித் தாரேன்னாரு." இலக்கியாவின் குரல் எங்கேயும் இடறவில்லை. சொல்லச் சொல்ல முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "அடுத்த வாரம் வந்தா ரெண்டு நாள் இருப்பாராம்."

இவ்வளவையும் இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவள் கருகிய தோசையைக் கல்லிலிருந்து எடுத்துப் போட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு நாளா?" மாமா அவள் பக்கம் திரும்பினார். "நெசமாவா தாயி?"

இலக்கியாவும் தட்டிலிருந்து நிமிர்ந்து, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.