ஊர்ச் செம்மண்

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வைத்தீஸ்வரன் கைக்குட்டையைத் தரையில் விரித்து, ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, காரின் முன் சக்கரத்துக்குள் தலையை விட்டார்.

காருக்குச் சொந்தக்காரன் வீரபாண்டி பக்கத்தில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் கையில் மெல்லிய தாளும் பென்சிலும் இருந்தன. சக்கரத்துக்கு உட்புறம், அடிச்சட்டத்து இரும்பில் கம்பெனியிலேயே வண்டிக்கென்று ஒரு நம்பரை அடித்திருப்பார்கள். தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் ஏறிவிடும். காரை முதலில் பதிந்த மதுரை ஆபீசிலிருந்து வந்த காகிதத்து நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால், இந்தத் தமிழ்நாட்டுக் காருக்குக் கேரளா நம்பர். கேரளா நம்பர் கிடைத்தால் டாக்சி ஓட்டலாம்.

அவ்வளவுதான் பாக்கி.

மதுரைக் காகிதம் கொச்சிக்கு வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், வீரபாண்டிக்கு மட்டும் வராது. அனுப்பியாயிற்று என்றது மதுரை. "வந்நிட்டில்ல, அடுத்த ஆழ்ச்ச வா" என்றது இங்கே ஜன்னல். அடுத்த வாரம் போனால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சாயா குடிக்கப் போயிருப்பார். அதற்கும் அடுத்த வாரம் அவரையே மாற்றியிருப்பார்கள்.

இரண்டு ஆபீசும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. நடுவில் கிடக்கிற மலைதான் அதைத் தின்றிருக்க வேண்டும். இரண்டு மழைக்காலம் வாயில் வைத்திருந்துவிட்டு, எண்பத்து நாலாம் வருஷம் பிறந்த பிறகுதான் துப்பியது.

அதுவரை அந்த அம்பாசடர் மட்டாஞ்சேரியில் அவன் வீட்டு வாசலிலேயே நின்றது.

மிளகு மூட்டை தூக்கித் தூக்கி வீரபாண்டியின் இடுப்பு போயிருந்தது. இனி மூட்டையைத் தொட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்தபடி செய்கிற வேலை என்று அவனுக்குத் தெரிந்தது வண்டி ஓட்டுவது ஒன்றுதான். அவன் மனைவி பேச்சி உசிலம்பட்டிக்குப் போய், தன் பங்கு நிலத்தை அண்ணன் ஒச்சப்பனுக்கு எழுதிக் கொடுத்து, அதற்குப் பதிலாக அவன் ஓட்டிக்கொண்டிருந்த காரை வாங்கி வந்தாள்.

இப்போது நிலமும் இல்லை, காரும் ஓடவில்லை. ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், ஒரு கிடங்கில் சுக்கு புடைத்துப் பேச்சிதான் அடுப்பெரித்தாள்.

காரைக் கழுவுவதும் அவள்தான். அவனால் குனிய முடியாது. ஆபீசர் அடியில்தான் பார்ப்பாராம் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து, கிடங்குக்குப் போகுமுன் சக்கரத்துக்குள் கையை விட்டுத் தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்ப்பாள். சிவப்புச் சிவப்பாகத் தண்ணீர் வழியும்.

"பாத்தீகளா, நம்மூருச் செம்மண்ணு இன்னும் விடமாட்டேங்குது" என்பாள். சந்தோஷமாகத்தான் சொல்வாள். விட்டுக்கொடுத்த நிலமும் அந்த மண்தானே.

வீரபாண்டியும் பக்கத்தில் நின்று ரசிப்பான். ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவர்கள். இங்கே கொல்லைப்புறத்து வாய்க்காலில் தண்ணீர் தானாக வந்து தளும்பி நிற்கிறது. யாரைக் கேட்க வேண்டும்? வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள்.

இன்ஸ்பெக்டர் தாளை வெளியே எடுத்துப் பார்த்தார். வெறும் கறுப்பு. இன்னொரு தாளை வைத்துத் தேய்த்தார். அதுவும் கறுப்பு. நகத்தால் லேசாகச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காகச் சிவப்பாய் ஏதோ அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"நம்பரே இல்லையே" என்றார். பாலக்காட்டுக்காரர். அதட்டியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகத்தான் கேட்டார். "எந்த ஜலத்துல அலம்பறேள்?"

"கொல்லை வாய்க்கால் தண்ணிங்க சார்."

"அது காயல் ஜலமாக்கும். கடல் ஏறி வர்ற உப்பு. இரும்பையே துருவாக்கித் தின்னுடும்."

புது நம்பர் அடிக்கலாமாம். அதற்கு முதலில் பதிந்த ஆபீஸ் அனுமதி தர வேண்டுமாம். "மறுபடியும் மதுரைக்கு எழுதணும்" என்று சொல்லும்போது அவர் வேறெங்கோ பார்த்தார்.

வீரபாண்டி அவர் உள்ளங்கையில் கிடந்த பொருக்குகளைப் பார்த்தான். உப்பு என்று தெரியாமலா இருந்தது? வாயில் வைக்க முடியாதே. குடிக்கத்தான் ஆகாது, கழுவுவதற்கு என்ன என்று இருந்துவிட்டார்கள்.

ஆபீஸ் வாசல் மரத்தடியில் நின்ற பேச்சி அதற்குள் கிட்டே வந்துவிட்டாள். இன்றைக்கென்று கிடங்குக்குப் போகாமல், நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். இன்ஸ்பெக்டரின் கையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயையோ, சார் கையெல்லாம் செம்மண்ணு" என்று துடைத்துக்கொள்ள முந்தானையை நீட்டினாள். பிறகு புருஷனிடம் தணிந்த குரலில் கேட்டாள். "காலைல அவசரத்துல சரியாத் தேய்க்கலங்க. சார் கோவிச்சுக்கிட்டாரா?"

வைத்தீஸ்வரன் வீரபாண்டியைப் பார்த்தார். பொருக்குகளோடு உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"இல்ல" என்றான் வீரபாண்டி. "மதுரையிலருந்து இன்னொரு காகிதம் வரணுமாம்."

"இம்புட்டுத்தானா?" பேச்சியின் முகம் தெளிந்தது. "வரட்டும். அதுக்குள்ள அந்த மண்ணைப் பொட்டு விடாம தேய்ச்சு எடுத்துர்றேன்."