தொலைந்து போகும் சனிக்கிழமை

“மறுபடியும் தொலைஞ்சு போயிட்டியாடி, கண்ணு?”

தகவல் கூண்டிலிருந்து தெல்மா எட்டிப் பார்த்தாள். வெளியே ஆறு வயது ஜூடித் சிரித்துக்கொண்டு நின்றாள். தொலைந்த குழந்தை என்றால் கொஞ்சமாவது அழ வேண்டாமா? ம்ஹூம்!

“ஆமா ஆன்ட்டி. அம்மாவைக் கூப்பிடுங்க. அப்பாவையும்!”

“அம்மா மட்டும் வந்தா போதாதா?”

“போதாதாம்!”

தெல்மா மைக்கைப் பிடித்தாள். டெட்ராய்ட்டுக்கு வெளியே, இரண்டு வருஷத்துக்கு முன்பு சோளம் விளைந்த நிலம் அது. இன்று திறந்த வெளியில் வரிசையாகக் கடைகள், நடுவே நீரூற்று, எள் போட்டால் விழாத கார்க் கூட்டம்.

“திரு. வான்டர்மீர், திருமதி வான்டர்மீர்! உங்கள் மகள் நீரூற்றுப் பக்கம் காத்திருக்கிறாள்.”

மளிகைப் பையோடு லோயிஸ் வந்தாள். கோடியில், தான் வேலை பார்க்கும் செருப்புக் கடையிலிருந்து கிளிஃபர்ட் ஓடி வந்தான். யாரோ ஒரு சீமாட்டியின் ஒற்றைச் செருப்பு அவன் கையிலேயே இருந்தது.

“குழந்தையைப் பிடிச்சுக்கக்கூடத் தெரியாதா உனக்கு?”

“நீங்க கூட இருந்தா ஏன் தொலையுறா?”

சண்டைதான். ஆனாலும் ஜூடித்தை நடுவில் வைத்து, மூவரும் நீரூற்று விளிம்பில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அப்புறம் அவன் கடைக்குப் போய்விட்டான். அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள் லோயிஸ்.

“கோபத்துல ‘எங்கேயாவது தொலைஞ்சு போங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னேன் தெல்மா. மனுஷன் பெட்டியைத் தூக்கிட்டு நிஜமாவே போயிட்டார். நாலு மாசமா தனி ரூம்ல இருக்கார்.”

“போய்க் கூப்பிட வேண்டியதுதானே?”

“நானா? அவரே வரட்டும்!”

தெல்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அடி பொல்லாத குட்டி! இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கத்தான் சனிக்கிழமை தவறாமல் தொலைகிறதா இந்த வாண்டு? பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ்!

அடுத்த சனிக்கிழமை லோயிஸ் மட்டும் வந்தாள். புதுக் கவுன், உதட்டுச் சாயம். கையில் மளிகைப் பை இல்லை.

“அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க தெல்மா.”

“ஐயோ, இன்னிக்கும் தொலைஞ்சுட்டாளா?” தெல்மா மைக்கை எடுத்தாள்.

“இல்ல. அவ என் தங்கச்சியோட ஏரிக்குக் குளிக்கப் போயிட்டா.”

“அப்புறம் எதுக்கு?”

லோயிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இத்தனை நாளும் அவளைத் தொலைஞ்சு போகச் சொன்னதே நான்தான். இன்னிக்கு, நான் தொலைஞ்சு போயிட்டேன்னு சொல்லி அவரைக் கூப்பிடுங்க.”