ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’

“ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’! இதையே இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?”

தலைவர் தௌலியா போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. மூட்டுவலிக்காரர், நாற்காலியில் இருந்தார். கையில் ஒரு தாள், அது முழுக்கச் சிவப்புக் கோடு.

கீழே பாயில் சம்மணமிட்டிருந்த பெனினா தலையைத் தூக்கவில்லை. ஊர்த்தலைவர் உட்கார்ந்திருக்கும்போது சின்னவர்கள் எதிரே நின்றாலே எங்கள் சமோவாவில் மரியாதைக் கேடு.

“மன்னிச்சிருங்க தலைவரே. இன்னும் ஒரே ஒரு தடவை.”

“மூணு மாசமா இதே பாட்டுதான்! இன்னிக்கு ஆபீசர் வந்து கேள்வி கேட்பாரு. தப்பாச்சுன்னா இந்த இங்கிலீஷ் வகுப்பையே இழுத்து மூடிடுவாரு. அப்புறம் ஊர் முகத்துல எப்படி முழிக்கிறது?”

பெனினாவுக்கு அழுகை முட்டியது. “மூடிட்டா நான் பொறந்த சவாயித் தீவுக்கே திரும்பப் படகேற வேண்டியதுதான்.”

“அழுது என்ன பிரயோஜனம்? மண்டையில ஏறணுமே!” எரிச்சலில் தன் தலையிலேயே படபடவென்று அடித்துக்கொண்டார் தலைவர்.

வெளியே வண்டி வந்து நின்றது. நியூசிலாந்திலிருந்து வந்து பத்தே நாளான அதிகாரி பார்லோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். பதிவேட்டைப் புரட்டக்கூட இல்லை. தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், கோடிட்ட இடங்களோடு பத்து வாக்கியங்கள் அச்சடித்த அட்டையைப் பெனினாவிடம் நீட்டினார்.

“ஐயா, நான் வந்து...”

“பயப்படாதேம்மா, எழுது.”

மடமடவென்று எழுதினாள். எங்கே எது வரும், ஏன் வரும் என்றும் அவர் கேட்காமலே விளக்கினாள். பார்லோ அசந்துபோனார்.

“அட, பத்துக்குப் பத்து! இந்த வகுப்பையா மூடுறது? பேஷா நடத்துங்க!”

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த மனுஷர் விட்டால்தானே! கையெழுத்துப் போட்டார், தலைவரின் முதுகில் தட்டிப் பாராட்டினார், வண்டியேறிப் போயே போய்விட்டார்.

வண்டிச் சத்தம் ஓயும்வரை இரண்டு பேரும் வாசலையே பார்த்தார்கள். தலைவர்தான் முதலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லவேளை டீச்சர், அந்த ஆளு என்னைக் கேக்கல!”