கோமாளியின் கும்பிடு

கரும்பாலையில் கட்டை விரல் போன பிறகு வேலாண்டி முதன்முதலாகக் கைப்பொம்மை ஆட்டியது அன்றைக்குத்தான். ஆள்காட்டி விரல் கோமாளியின் தலையை ஆட்டியது, நடுவிரல் ஒரு கையை ஆட்டியது. கட்டை விரல் நுழைய வேண்டிய மற்றக் கை வெறும் துணியாகத் தொங்கியது.

"புண்ணு ஆறட்டும் மாமா" என்றாள் அவன் மனைவி செவந்தி, கோமாளியின் பொண்டாட்டிப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டே.

"கோமாளிக்கு ஒரு கை போதும்டி."

திரைக்கு மேலே பொண்டாட்டிப் பொம்மை கோமாளியை விளக்குமாற்றால் விளாசியது. "அந்தக் கைய எவ வீட்டுல வச்சிட்டு வந்தே?" என்று செவந்தி கேட்கவும், சனம் அதைப் புது வித்தை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனால் முடிவில் கோமாளி இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் சனம் எழுந்திருக்கும். கும்பிடு விழாத ஆட்டம் ஊருக்கு ஆகாது என்று அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள்.

கோமாளி ஒரு கையைத் தூக்கியது. மற்றது தொங்கியது.

"கும்பிடு எங்கேய்யா?" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பொண்டாட்டிப் பொம்மை விளக்குமாற்றைக் கீழே போட்டது. கிட்டே வந்து, தன் ஒரு கையை அந்த ஒற்றைக் கையோடு சேர்த்து வைத்தது.

சனம் இன்னும் எழுந்திருக்கவில்லை. செவந்தியும் கையை எடுக்கவில்லை.