எல்லை தாண்டாத வழக்கு

நண்பகல் வெயில் மரச்சன்னல் இடுக்குகளில் புகுந்து வக்கீல் கமாலுதீனின் மேசைமேல் கோடு கோடாகக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. அவர்களுடைய சட்டப் புத்தகங்கள் மட்டும் அலமாரியை விட்டு நகரவில்லை. எதிரே திருவேட்டக்குடி அஞ்சுகம் காலி மீன்கூடையை இடுப்பில் இடுக்கியபடி, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நிற்கிறாள். செத்துப்போன புருஷனின் படகு கொழுந்தனுக்குத்தான் என்று அப்பீலிலும் தீர்ப்பாகிவிட்டது. “மெட்ராஸ் ஹைக்கோர்ட்டுல போடுங்க, வக்கீலய்யா.” “அதுக்கு இங்க அதிகாரம் இல்லம்மா. டில்லியில சட்டம் போட்டாத்தான் உண்டு.” “முன்னே பாரீசு கோர்ட்டுக்குப் போவாங்களே?” “அந்தக் கதவையும் சாத்தியாச்சு.” கூடையிலிருந்து ஒரு செதில் உதிர்ந்து வெயிலில் மின்னுகிறது. “தெனம் எல்லை தாண்டி மெட்ராஸ் சீமைக்குள்ள, தரங்கம்பாடியில மீன் விக்கிறேன், ஒருத்தன் மறிக்கல. என் வழக்கு மட்டும் தாண்டக் கூடாதா?” வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்ததையே மறுபடி துடைக்கிறார். “சட்டம் வர்ற வரைக்கும் பொறுத்துக்கம்மா.” “பொறுக்கிறதுக்கு நீங்களே இருங்க. நான் அந்தப் படகை இழுத்துக்கிட்டுப் போயி தரங்கம்பாடி மணல்ல ஏத்திடுறேன்.” “அது திருட்டு, அஞ்சுகம்!” வாசல் வெயிலில் இறங்கியவள் திரும்பிப் பார்க்கிறாள். “இருக்கட்டும். கொழுந்தன் மெட்ராஸ் கோர்ட்டுல கேசு போடட்டும். அங்கயாவது என் பேச்சைக் கேக்க ஒரு ஆளு உக்காந்திருப்பான்ல?”